வாசல் வெளிச்சம்

இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்கும் குழந்தைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லி முடித்த ஒவ்வொரு தடவையும் எதையோ மழுப்பிவிட்டோம் என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக இருந்துவருகிறது. சூரியனுடைய வெள்ளொளி பல கிரணங்களின் கலப்பு என்றும், இலையிலுள்ள பச்சையம் அவற்றில் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்றும், அவ்வாறு திரும்பி வந்த மிச்சமே கண்ணில் பட்டு இலையைப் பச்சையாகக் காட்டுகிறது என்றும் பள்ளிக்கூடத்துப் புத்தகம் சொல்கிறது. கேட்ட குழந்தை சற்றுக் கெட்டிக்காரக் குழந்தையாக இருந்து, ‘அப்படின்னா பச்சை இலையில இல்லையா, வெளிச்சத்துலதான் இருக்கா?’ என்று மறுபடியும் கேட்டுவிட்டால், ஆமாம், வெளிச்சத்தில்தான் என்று சொல்ல வாயெடுப்போம். அங்கே நியூட்டன் வந்து குறுக்கே நிற்கிறார். இருட்டறையில் ஒரு துளை வழியே வந்த வெயிலைப் பட்டகத்தால் பிரித்து, வெள்ளை என்பது கலப்பே என்று 1672-இல் உலகத்துக்கு அறிவித்த அதே மனிதர், 1704-இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில், கிரணங்களுக்கு நிறம் உண்டு என்று பேசுவது பாமர வழக்குக்கு இணங்கிப் பேசுவதே என்றும், இன்ன நிற உணர்ச்சியை எழுப்பக்கூடிய ஒரு சக்தி மட்டுமே கிரணத்தில் உள்ளது என்றும் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக, இலையைக் கேட்டால் அது வெளிச்சத்தைக் காட்டுகிறது, வெளிச்சத்தைக் கேட்டால் அது கண்ணைக் காட்டுகிறது, கண்ணைக் கேட்டால் அது மூளையைக் காட்டுகிறது. தாலுகா ஆபீசில் ஒரு மனுவை வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக அலைகிறவனுடைய கதிதான் நிறத்தின் இருப்பிடத்தைத் தேடிப் புறப்பட்டவனுக்கும் நேருகிறது.

இந்த அலைச்சலில் சலித்துப்போன சிலர் ஒரு சாமர்த்தியமான வாக்கியத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பொருள் எதை வேண்டாமென்று தள்ளுகிறதோ அதையே நாம் அதன் நிறம் என்கிறோம், ஆகையால் தக்காளி சிவப்பைத் தவிர மற்ற எல்லா நிறமுமாக இருக்கிறது என்பது அந்த வாக்கியம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். தனியே உட்கார்ந்து யோசித்தால் அதில் சாரம் குறைவு என்று தெரிந்துவிடும். உறிஞ்சப்பட்ட நீலமும் பச்சையும் தக்காளிக்குள் நீலமாகவும் பச்சையாகவும் பத்திரமாக உட்கார்ந்திருப்பதில்லை. அவை வெப்பமாகி, ஒளி என்ற பெயரையே இழந்துவிடுகின்றன. தக்காளிக்குச் சொந்தம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால், ஏறக்குறைய 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை நம் கண்ணுக்கு எட்டும் அலைநீளங்களில் ஒவ்வொன்றிலும் இவ்வளவு திருப்பித் தருவேன் என்று அது வைத்திருக்கிற விகிதங்களின் வரிசையைத்தான் சொல்லலாம். அந்த வரிசை இருட்டிலும் மாறுவதில்லை. விளக்கை அணைத்த பிறகும் சமையலறைக் கூடையில் கிடக்கும் தக்காளிக்கு அது உண்டு. அதையே நிறம் என்று முடிவுகட்டிவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் விகிதம் மாறாமலிருக்க நிறம் மாறுவதையும், விகிதங்கள் வேறுவேறாக இருக்க நிறம் ஒன்றாகிவிடுவதையும் நாம் தினந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பார்த்தும் அதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல் வியவகாரத்தை நடத்திக்கொண்டு போகிறோம்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது பால பாடம். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையின்மேல் பட்டுப் புடைவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்க, அவற்றில் ஒன்றன் முந்தானையை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்திரீ, திடீரென்று புருவத்தைச் சுருக்கி, அதை அப்படியே அள்ளிக்கொண்டு கல்லாப்பெட்டியைக் கடந்து தெருவாசலை நோக்கி நடப்பாள். ஜரிகை தரையில் படாமலிருக்க மறுமுனையைக் கையில் ஏந்திக்கொண்டு கடைப் பையன் பின்னாலேயே போவான். ‘வாசல்ல வச்சுப் பாருங்கக்கா, அதுதான் கரெக்ட் கலர்’ என்று அவனே உபதேசமும் செய்வான். அவன் சொல்வதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. கடைக்குள் எரியும் குழல்விளக்கின் ஒளி வெயிலைப்போல் எல்லா அலைநீளங்களும் இழையறாமல் தொடர்ந்து வருகிற ஒளி அன்று. சில இடங்களில் கூராக உயர்ந்தும் சில இடங்களில் வறண்டும் கிடப்பது. வெவ்வேறு சாயக் கலவையில் தோய்த்த இரண்டு அரக்குச் சிவப்பு நூல்கள், விளக்கு வறண்டு கிடக்கிற இடத்தில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன என்றால், கடைக்குள் அவை இரட்டைப் பிள்ளைகள். வாசலுக்கு வந்ததும் ஒன்று செங்கல்லாகவும் மற்றொன்று குங்குமமாகவும் பிரிந்து நிற்கும். ரவிக்கைத் துணி ‘மேட்சிங்’ வாங்கப் போய் ஏமாந்த குடும்பங்களில் நடக்கும் வாக்குவாதங்களுக்கெல்லாம் இதுவே மூலகாரணம். வேறு விதத்திலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் அடுப்பின் சுடரில் உப்பைத் தூவி, சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒன்று மட்டும் எரியும்படி செய்தால், எதிரே இருப்பவருடைய உதடு சாம்பலாகவும் நெற்றிக் குங்குமம் கரியாகவும் போய்விடுகின்றன; திருப்பித் தருவதற்குச் சிவப்பு வந்து சேர்ந்தால்தானே குங்குமம் தரும்.

ஆனால் அந்தப் பையன் ‘கரெக்ட்’ என்று சொன்னதை நான் இன்னும் விழுங்க முடியாமல் இருக்கிறேன். எந்த வேளையின் வாசல்? சித்திரை மாதத்து உச்சிவெயிலும், ஐப்பசியில் மேகம் மூடிய காலையும், அஸ்தமனத்துக்கு அரைமணி முந்திய சாய்ந்த மஞ்சளும் ஒரே பகல் அல்ல. 1931-இல் சர்வதேச ஒளியமைப்புக் கமிஷன், பண்டிதர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடாமல் நிறத்தை அளப்பதற்காக மாதிரி வெளிச்சங்களை நிர்ணயித்தபோது, இழைவிளக்குக்கு ஒன்று, நேர்வெயிலுக்கு ஒன்று, சராசரிப் பகலுக்கு ஒன்று என்று மூன்றை வைக்கவேண்டியிருந்தது. பிறகு அவற்றையும் திருத்தினார்கள். அதாவது, உண்மை நிறம் என்பதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவாசலில் நிறுத்தித் தீர்ப்பளிக்கப்பட்ட அந்தப் புடைவை, அதன் ஆயுளில் அனேகமாக அந்த வெளிச்சத்தைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை: விடியற்காலை முகூர்த்தத்தில் ஹோமப் புகைக்கும் வீடியோக்காரனுடைய விளக்குக்கும் நடுவில் ஒரு தடவை, மாலை வரவேற்பில் தோரண விளக்குகளின் கீழ் ஒரு தடவை, பிறகு பீரோவின் இருட்டில் வருஷக்கணக்கில். இருந்தும் வாசலுக்குத்தான் போகிறோம். வெயிலின் கீழ்ப் பிறந்து வெயிலின் கீழ்ப் பழக்கப்பட்ட கண்ணுக்கு அதைவிட மேலான நீதிஸ்தலம் கிடையாது என்பதே இதற்குச் சமாதானம்; அது போதுமான சமாதானம்தானா என்பது வேறு கேள்வி.

அந்தக் குவியலிலேயே இன்னொரு புடைவை, மயில்கழுத்து என்பது, இந்தக் கேள்வியை மேலும் சிடுக்காக்குகிறது. ‘டபுள் ஷேட்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால், மடிப்பின் முதுகில் பச்சையும் மடிப்பின் குழியில் நீலமுமாக, துணியைத் தூக்கிப் பிடித்து அசைக்கும்போதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டத்தில் கண்ணை வைத்து இழை இழையாகப் பார்த்தால் மயில்கழுத்து எங்கும் கிடையாது; நீல இழைகள் இருக்கின்றன, பச்சை இழைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அப்படியானால் புடைவையின் நிறம் எது? நம்முடைய நையாயிகர்கள் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே துணியை வைத்துக்கொண்டு, மிகவும் சிரத்தையாக விசாரித்திருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய ‘தர்க்க சங்கிரகம்’ ரூபத்தைக் கண்ணால் மாத்திரமே கிரகிக்கத்தக்க குணம் என்று லக்ஷணம் செய்து, வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம் என்று ஆறைச் சொல்லி, ஏழாவதாகச் சித்திரம் என்று ஒன்றைச் சேர்க்கிறது. பல நிற இழைகளால் நெய்த துணிக்கு உரிய தனி நிறம் அது. அவர்களுடைய தர்க்கம் இப்படிப் போகிறது: துணி என்பது இழைகளிலிருந்து வேறான ஒரு திரவியம், அது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அதற்கென்று ஒரு ரூபம் இருந்தாக வேண்டும், ரூபமோ தன் ஆசிரயம் முழுவதும் வியாபித்திருப்பது, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இருக்க முடியாதது, ஆகையால் நீலமும் அல்லாத பச்சையும் அல்லாத மூன்றாவது ரூபம் ஒன்றை ஒப்புக்கொள்வதே வழி. இதை ஒப்பாதவர்களும் அந்த மரபிலேயே இருந்தார்கள். எனக்கு எந்தக் கட்சி என்று முடிவுசெய்யத் தெரியவில்லை. மயில்கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் எதிரே நடந்து வரும்போது சித்திர ரூபவாதிகள் ஜெயிக்கிறார்கள், அவள் கிட்டே வந்து நின்றதும் தோற்றுவிடுகிறார்கள். நியூட்டனுடைய பட்டியலிலும் ஏழு என்பது ஒரு விசித்திரமான ஒற்றுமை. முதலில் அவர் ஐந்தைத்தான் எண்ணினார். சங்கீதத்தின் ஏழு ஸ்வரங்களோடு பொருந்த வேண்டும் என்ற ஆசையில் ஆரஞ்சையும் அவுரி நீலத்தையும் பிறகு நுழைத்தார். எண்ணிக்கையைத் திருஷ்டியைக் கேட்காமல் வேறெதையோ கேட்டு நிர்ணயிக்கும் பழக்கம் எல்லா தேசத்துப் பெரியவர்களுக்கும் உண்டு போலிருக்கிறது.

புடைவையை விட்டு அசல் மயிலிடம் போனாலோ, தள்ளுவதும் விழுங்குவதும் என்கிற பள்ளிக்கூடத்துப் பேச்சே செல்லாமற்போகிறது. மயிற்பீலியில் நீலச் சாயம் கிடையாது. பச்சைச் சாயமும் கிடையாது. இராபர்ட் ஹூக் 1665-இல் தம்முடைய நுண்ணோக்கி நூலில் பீலியை நனைத்துப் பார்த்து, நனைந்ததும் அதன் வர்ணம் அழிந்துபோவதைக் குறித்திருக்கிறார். சாயமாக இருந்தால் தண்ணீர் பட்டுப் போகாது, உலர்ந்ததும் திரும்பியும் வராது. பீலியின் நுண்ணிழைகளுக்குள் இருப்பது நம் தலைமயிரில் உள்ள அதே கருநிறப் பொருள்தான். ஆனால் அது மெல்லிய குச்சிகளாக, நானோமீட்டர்க் கணக்கில் அளந்து வைத்தாற்போல் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கின் இடைவெளி ஓர் அலைநீளத்துக்கு இசைந்துபோனால் அந்த ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து பலத்துத் திரும்புகிறது, இசையாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பீலிக் கண்ணின் நீலத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பச்சைக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் இடைவெளியில் பத்து நானோமீட்டர் அளவுதான், பொருள் ஒன்றே. பீலியை உரலிலிட்டு மாவாக இடித்தால் பழுப்புத் தூளே மிஞ்சும். நிறம் எங்கே இருந்தது என்று இப்போது கேட்டால், வஸ்துவில் இல்லை, வஸ்துக்கள் ஒன்றுக்கொன்று விட்டிருந்த இடைவெளியில் இருந்தது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமனும் 1934-இல் பறவைச் சிறகுகளின் வர்ணத்தில் இறங்கி, நம் வயல்வெளிகளில் தந்திக் கம்பிமேல் உட்கார்ந்திருந்து பறக்கும்போது மட்டும் நீலத்தை வாரி இறைக்கும் பனங்காடையின் இறகை ஆராய்ந்திருக்கிறார். அதற்கு முன்பே அவர் கடலிடம் போயிருந்தார். வானம் நீலமாக இருப்பதற்கு, குறுகிய அலைகளே காற்றின் நுண்துகள்களால் மிகுதியாகச் சிதறடிக்கப்படுகின்றன, சிவப்பைவிட நீலம் நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது என்று ரேலி 1871-இலேயே காரணம் காட்டிவிட்டார். ஆனால் கடலின் நீலத்தை மட்டும் அவர் வானத்தின் பிரதிபிம்பம் என்று ஒதுக்கிவிட்டார். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து ‘நர்கண்டா’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ராமன், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மாத்திரம் மறித்து நிறுத்தும் சிறு பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, வானத்தின் பிரதிபிம்பத்தை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாயிற்று. நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற தம் முடிவைக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே எழுதியனுப்பினார். நீர் சிவப்பை மெல்லமெல்ல உறிஞ்சிக்கொள்வதற்கும் அந்த நீலத்தில் பெரும்பங்கு உண்டு என்று பின்வந்தவர்கள் சொல்வார்கள். அது ராமனுடைய கைவேலையின் அழகைக் குறைத்துவிடாது. பிரதிபிம்பத்தை விலக்கிவிட்டுப் பார்ப்போம் என்று தோன்றியதல்லவா, அதுதான் விசேஷம்.

சாயம் என்று ஒன்று மெய்யாகவே இருக்கிற இடத்திலும் ஆச்சரியம் குறையவில்லை. ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் கரைத்த மஞ்சள்தூள் மஞ்சளாக இருக்கிறது, பக்கத்தில் விரல்நுனி அளவு வெள்ளைச் சுண்ணாம்பு, இரண்டையும் சேர்த்து ஒரு கலக்குக் கலக்கியதும், சிவப்பு என்பதே எங்கும் இல்லாத அந்தத் தட்டில் ரத்தம் போல் ஒரு சிவப்பு சுழித்துக்கொண்டு எழுகிறது. மஞ்சளில் உள்ள சாயப்பொருள் நீல ஊதாப் பக்கத்து ஒளியை விழுங்குவதால் மஞ்சளாகத் தோன்றுகிறது. சுண்ணாம்பின் காரம் அதன் எலெக்ட்ரான்களின் பிடியைத் தளர்த்திவிட, விழுங்கும் இடம் பச்சையை நோக்கி நகர்ந்து, மிச்சம் சிவப்பாகிறது. அவுரி இன்னும் நாடகம் தெரிந்தது. அதன் பச்சிலையில் நீலம் இல்லை, நிறமற்ற ஒரு மூலப்பொருள்தான் இருக்கிறது. ஊறவைத்துப் புளிக்கவிட்டுச் சாயத் தொட்டியில் அடக்கி வைத்த பின்னும் தொட்டிக்குள் நீலம் இல்லை. முக்கியெடுத்த நூல் மஞ்சளும் பச்சையுமாகத்தான் வெளியே வரும். சாயக்காரர் அதைப் பிழிந்து உதறிக் காற்றில் பிடித்தவுடன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து நீலம் பரவிக்கொண்டு வரும். பிராணவாயு சேர்ந்தால்தான் அது அவுரி. மண்பாண்டத்தின் கதையும் இதுவே. பச்சைப் பானை சூளையில் வெந்து சிவக்கும்போது உண்மையில் நடப்பது என்ன என்று வைசேஷிகர்களும் நையாயிகர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடினார்கள்: பானை பரமாணுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பரமாணுவும் சிவந்து, மறுபடி பானையாகக் கூடுகிறது என்பது முன்னவர் கட்சி, பானை பானையாகவே இருக்க, நெருப்பு உள்ளே புகுந்து முழுப் பானையின் ரூபத்தையும் மாற்றுகிறது என்பது பின்னவர் கட்சி. ஆதிச்சநல்லூரிலும் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கருப்பு-சிவப்பு மட்கலங்களை இவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கருத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் நிற்கின்ற அந்தக் கலத்தில், களிமண் ஒன்று, சூளை ஒன்று, நெருப்பும் ஒன்று. மண்ணிலுள்ள இரும்புக்கு மூச்சுக் கிடைத்த இடமும் கிடைக்காத இடமும் மட்டுமே வேறு.

கண்ணைப்பற்றி நான் குறைத்தே பேசுவேன், ஏனென்றால் அதைப்பற்றி எல்லாரும் கூட்டியே பேசிவிட்டார்கள். விழித்திரையில் கூம்பு வடிவ உயிரணுக்கள் மூன்று வகை உண்டு, அவை முறையே 420, 530, 560 நானோமீட்டர் அளவில் மிகுதியாகக் கிளர்ச்சியடைகின்றன, அம்மூன்றின் விகிதமே நமக்கு நிறமாகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மாலை வேளையில் வீட்டுக் கொல்லையில் நின்று ஒரு செம்பருத்திச் செடியைக் கவனித்துக்கொண்டிருப்பது, இந்தச் செய்தியைப் படிப்பதைவிட எத்தனையோ மேல். வெயில் இருக்கும்வரை இலைகளை அமுக்கிக்கொண்டு தூக்கலாக எரியும் பூ, வெளிச்சம் மங்க மங்க முதலில் மெருகு இழந்து, பிறகு அரக்காகி, பிறகு இலையைவிடக் கருத்துப்போகிறது. இலைகளோ அப்போதுதான் ஒரு சாம்பல் வெளுப்போடு மேலெழுந்து தெரிகின்றன. 1825-இல் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் இதை எழுதி வைத்தார். இருட்டில் வேலை செய்யும் வேறு வகை உயிரணுக்கள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன, அவற்றுக்குச் சிவப்பு அனேகமாகத் தெரிவதில்லை என்பது காரணம். பூ ஒன்றும் செய்யவில்லை. வெளிச்சத்தின் தரம்கூட அவ்வளவு மாறவில்லை. பார்க்கிறவன் இடத்திலேயே ஆள்மாறாட்டம் நடந்துவிட்டது. வாடாமல்லி விஷயம் இதைவிடக் கூர்மையானது. அதன் நிறம் வானவில்லில் எந்த இடத்திலும் கிடையாது. எந்த ஒற்றை அலைநீளத்தாலும் அதை உண்டாக்க முடியாது. வில்லின் இரண்டு ஓரங்களிலும் உள்ள சிவப்பும் ஊதாவும் ஒரே சமயத்தில் கண்ணைத் தொட்டால்தான் அது பிறக்கும். நியூட்டன் தம் நிறப்பட்டியை வளைத்து இரு முனைகளையும் ஒட்டி வட்டமாக்கிக்கொண்டது பௌதிகத்தில் காணாத ஒன்றைக் கண் கண்டுவிட்டதனால்தான். நாள்தோறும் பூக்கடையில் முழம்போட்டு விற்கிற ஒரு பூவின் நிறம் இயற்கையின் அலைவரிசையில் இல்லை என்பதைப் பூக்காரம்மாவிடம் போய்ச் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பக்கத்தில் இருப்பது எது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பாரிசில் கோபலென் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற செவ்ரேல் என்ற ரசாயனியிடம், நீலத்தின் அருகே நெய்கிற கருப்பு வெளிறித் தெரிகிறது, கருப்புச் சாயத்தில் பலம் இல்லை என்று புகார் வந்தது. அவர் சாயத்தைப் பரிசோதித்தார், அதில் குறையில்லை. அதே நூலை வேறு நிறத்தின் அருகே வைத்தால் நல்ல கருப்பு. அண்டையிலுள்ள நிறம் தன் எதிர்நிறத்தை இதன்மேல் ஏற்றிவிடுகிறது என்று கண்டு, 1839-இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். காஞ்சிபுரத்தில் உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று சொல்லத் தெரிந்த நெசவாளிக்கு இந்த நூல் தேவைப்பட்டிராது. இதே கணக்கில்தான் நிலா வெள்ளையாக இருக்கிறது. தன்மேல் விழும் வெயிலில் எட்டில் ஒரு பங்கு அளவே திருப்பித் தருகிற, தேய்ந்த தார்ச்சாலை போன்ற கரிய மண் அது. சுற்றிலும் உள்ள ராத்திரியோ அதைவிடப் பன்மடங்கு கருப்பு என்பதால், நம் கவிகளெல்லாம் பாலையும் முத்தையும் தேடிப்போகும்படி ஆயிற்று. நிலாவின் நிறம் பொய் என்று இதற்காக யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆனால் மெய் என்று சொல்லும்போதும் குரல் சற்றுத் தாழத்தான் செய்கிறது.

பிரமை என்று சொல்லிவிடுவது எளிது, அதனால்தான் அதை நான் நம்புவதில்லை. செம்பருத்தியின் பக்கத்தில் வைத்த ஸ்படிகம் சிவப்பாகத் தோன்றுவதை அத்வைதிகள் ஓர் உதாரணமாகக் கையாண்டார்கள். சிவப்பு ஸ்படிகத்தினுடையது அல்ல, அருகிலுள்ள பூவினுடையது, அதுபோலவே ஆத்மாவில் தோன்றும் கர்த்ருத்வமும் என்று. காமாலைக்காரனுக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிவது மற்றோர் உதாரணம். ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் இந்தச் சங்கை எடுத்துக்கொண்டு செய்கிற காரியம்தான் என்னை வசீகரிக்கிறது. கண்ணிலிருந்து புறப்படும் கிரணங்களோடு பித்தமும் கலந்து போய்ச் சங்கின்மேல் படர்கிறது, அந்தப் பித்தத்தின் மெய்யான மஞ்சளால் சங்கின் வெண்மை மறைக்கப்படுகிறது, அது மிகவும் சூக்ஷ்மமாக இருப்பதால் அடுத்தவனுக்குத் தெரிவதில்லை என்று அவர் சொல்கிறார். ஆகவே அவன் கண்ட மஞ்சளும் இருக்கிற மஞ்சளே, இல்லாததை எவனும் காண்பதில்லை. கண்ணிலிருந்து கிரணம் புறப்படுகிறது என்ற பௌதிகம் இன்று செல்லாது, அதைக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது. ஒருவனுக்கு ஒரு நிறம் தோன்றினால், ‘உனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்’ என்று அவனை அனுப்பிவிடாமல், அந்தத் தோற்றத்துக்கு ஆதாரமாக எந்த வஸ்து எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தேடிப்போக வேண்டும் என்கிற பிடிவாதம் அது. மயிலின் நீலத்தைத் தேடிப் போனவர்கள் அடுக்கின் இடைவெளியைக் கண்டார்கள், கருப்பின் வெளிறலைத் தேடிப் போனவர் அண்டை நூலைக் கண்டார், கடலின் நீலத்தைத் தேடிப் போனவர் நீரின் அணுக்களைக் கண்டார். பிரமை என்று யாராவது முதலிலேயே கையைக் கழுவியிருந்தால் இவற்றில் ஒன்றும் கிடைத்திராது. நிறம் வஸ்துவில் மட்டும் இல்லை என்பதிலிருந்து அது மனத்தில் மட்டும் இருக்கிறது என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களிடம் எனக்குள்ள கோபம் இதுதான்; அவர்கள் தேட வேண்டிய இடங்களையெல்லாம் தேடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டவர்கள்.

ஆயினும் ராமானுஜருடைய சங்குக்குப் பக்கத்தில் ஜான் டால்டனுடைய பூவையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அணுக் கொள்கையால் பேர் பெற்ற அந்த ஆங்கிலேய ரசாயனி, 1792-இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்க்க நேர்ந்து திகைத்துப் போனார். பகலில் வான்நீலமாக அவருக்குத் தெரிந்த பூ, ராத்திரி நீலமே இல்லாமல் சிவப்பாக இருந்தது. மற்றவர்களுக்கு அது இரண்டு வேளையும் இளஞ்சிவப்பு. அவருடைய சகோதரருக்கு மட்டும் இவருக்குத் தெரிந்தபடியே தெரிந்தது. 1794-இல் மான்செஸ்டர் அறிஞர் சங்கத்தில் இதை அவர் ஒரு கட்டுரையாக வாசித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருந்து சிவப்பை வடிகட்டிவிடுகிறது என்பது அவர் ஊகம். காமாலைக்காரனுடைய பித்தத்தைப்போலவே, தோற்றத்துக்கு ஒரு வஸ்துவைக் காட்டுகிற ஊகம்தான் அதுவும். தாம் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பரிசோதிக்கும்படி சொல்லிவைத்தார். 1844-இல் அவர் காலமான மறுநாள் வைத்தியர் ஒரு கண்ணின் திரவத்தை வடித்துப் பார்த்தபோது அது தெள்ளத் தெளிவாக இருந்தது. மற்றக் கண்ணின் பின்புறத்தில் ஒரு துவாரம் செய்து, அதன் வழியே அவர் உலகத்தைப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் எப்போதும்போலவே தெரிந்தன. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் துணுக்கிலிருந்து 1995-இல் மரபணுவை எடுத்துச் சோதித்து, மூன்று வகைக் கூம்புகளில் நடுவகைக்கு உரிய நிறமி அவருக்கு இல்லை என்று நிரூபித்தார்கள். இனி எந்தெந்த நிறங்களை அவர் ஒன்றாக மயங்கியிருப்பார் என்று கணக்கிட்டுப் பட்டியல் போடலாம். ஜெரேனியம் பகலில் வானத்தோடும் இரவில் சிவப்போடும் ஏன் சேர்ந்தது என்றும் அந்தக் கணக்கே சொல்லிவிடும். அவருக்கு அந்த நீலம் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும், வானத்தைப்போல் இருந்தது என்று அவர் எழுதிய வாக்கியத்தைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி இல்லை. அந்த வானத்தையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்திருந்தார்.